மிச்சமும் கடனே

"எனக்கு யாரிடமும் கடனில்லை" என்று தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய குடும்பத் தலைவனை ஊர் மதிக்கின்றது. அம்மதிப்புத் தகாதது அன்று. கடன் கொடுத்தவன் வாசலில் நிற்க, உள்ளே இருந்துகொண்டே "அத்தா வெளியே போயிருக்கிறார்" என்று பிள்ளையைப் பொய் சொல்ல வைக்கும் இழிவை அறிந்தவர்களுக்குக் கடனற்ற வாழ்வின் அருமையை எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. கடனில்லாத கஞ்சி கால் வயிற்றுக்கே ஆனாலும் போதும் என்று நம் முன்னோர் சொல்லி வந்ததும் அதனால்தான். ஆயினும் இங்கே ஒரு வினா எழுகின்றது. பிறரிடம் வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்ட ஒருவன் உண்மையிலேயே கடனற்றவன் ஆகிவிடுகின்றானா? அவன் பெட்டியில் எஞ்சியிருக்கும் பணம் முழுவதும் அவனுடையதுதானா?

இவ்வினாவை ஒவ்வொரு சமயமும் தனக்குரிய வழியில் எழுப்பியிருக்கின்றது. கிறிஸ்தவ சமயம் அதை எழுப்பிய வகையையும், அச்சமயத்தைச் சார்ந்த ஒரு குடும்பத்தின் வாழ்க்கை அதற்கு அளித்த விடையையும் இங்கே எண்ணிப் பார்ப்போம். நம்மோடு ஒரே தெருவில் வாழும் மக்களின் வேதம் வீட்டுச் செலவையும் கடனையும் பற்றி என்ன சொல்கின்றது என்பதை அறிவதால் நமக்கு நன்மையன்றித் தீமை விளையாது.

கொடுப்பவனுக்கும் கட்டளை உண்டு

பொருள் பற்றிய கிறிஸ்தவ நெறி என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது சிக்கனம் ஒன்றே. அது ஒரு பாதி உண்மை. கடன் வாங்குபவன் கொடுத்தவனுக்கு அடிமையாகின்றான் என நீதிமொழிகள் எச்சரிக்கின்றது. கோபுரம் கட்டப் புகுபவன், முடிப்பதற்குப் பொருள் போதுமா என்று முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க மாட்டானா என்று ஈசா நபி (அலை) அவர்கள் வினவியதாக லூக்காவின் சுவிசேஷம் கூறுகின்றது. அன்பு செலுத்தும் கடன் ஒன்றைத் தவிர வேறு எதிலும் எவருக்கும் கடன்படாதிருக்குமாறு உரோமையருக்கு எழுதிய மடலில் பவுல் அறிவுறுத்துகின்றார். இவை யாவும் கடன் வாங்குபவனை நோக்கிச் சொல்லப்பட்டவை.

மறு பாதி, கடன் கொடுப்பவனை நோக்கிச் சொல்லப்பட்டது. தவ்ராத்தின் பகுதியாக யூதரும் கிறிஸ்தவரும் கொள்ளும் உபாகமத்தில் அதைக் காணலாம். மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்கலாகாது. அது ஒருவனுடைய உயிரையே அடகாக வாங்குவதற்கு ஒப்பாகும். ஏழையின் மேலாடையை அடகாகப் பெற்றிருந்தால், அவன் அதைப் போர்த்திக்கொண்டு உறங்கும்படி, பொழுது சாயும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடகுப் பொருளை எடுப்பதற்காக அவன் வீட்டுக்குள் நுழையலாகாது; வெளியே நின்று, அவனே கொண்டுவந்து தரும்வரை காத்திருக்க வேண்டும். இவ்விதிகளின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கடன்பட்டவனுக்கும் ஒரு வாசற்படி உண்டு. அதைத் தாண்டும் உரிமை, கொடுத்த பணத்தால் கிடைப்பதில்லை என்பதே அவற்றின் பொருள்.

மத்தேயுவின் சுவிசேஷத்தில் வரும் உவமை ஒன்று இவ்விரு பாதிகளையும் ஒன்றாகப் பிணைக்கின்றது. அரசனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் ஒருவன், காலில் விழுந்து மன்றாடி, அக்கடன் முழுவதும் மன்னிக்கப் பெறுகின்றான். வெளியே வந்தவுடன், தனக்கு நூறு வெள்ளிக்காசு தர வேண்டிய சக ஊழியனின் கழுத்தைப் பிடித்து அவனைச் சிறையில் தள்ளுகின்றான். அக்கால நாணயக் கணக்கில் முதற் கடன் இரண்டாவதைவிட ஆறு இலட்சம் மடங்கு பெரியது. செய்தி அறிந்த அரசன் தான் அளித்த மன்னிப்பைத் திரும்பப் பெறுகின்றான். கடன் கொடுத்தவன் என்று தன்னை எண்ணிக்கொள்பவனும் இறைவன் முன்னிலையில் பெருங்கடனாளியே என்பதுதான் இவ்வுவமையின் உட்கிடை.

வட்டியைப் பொறுத்தவரை இச்சமயத்தின் வரலாறு ஒரே நேர்கோட்டில் செல்லவில்லை. கி.பி. 325-இல் நைசியாவில் கூடிய திருச்சபைப் பேரவை குருமார்கள் வட்டி வாங்குவதைத் தடை செய்தது. அதே நூற்றாண்டில் வாழ்ந்த சிசேரியா நகரத்துப் பேராயர் பாசில், வட்டிக்குக் கொடுப்போரைக் கண்டித்து உரையாற்றியதோடு, ஆடம்பரத்துக்காகக் கடன் வாங்குவோரையும் இடித்துரைத்தார். இடைக்காலம் முழுவதும் நிலவிய தடை, பதினாறாம் நூற்றாண்டில் கால்வின் போன்றோர் காலத்தில் தளர்ந்தது. இங்கிலாந்தில் 1714-ஆம் ஆண்டுச் சட்டம் நூற்றுக்கு ஐந்து வரை வட்டி வாங்கலாம் என்று எல்லை வகுத்தது. இவ்விடத்தில் நம் நெறியும் அவர்கள் வழக்கமும் வேறுபடுகின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், வட்டி அனுமதிக்கப்பட்ட அந்நாட்டிலேயே, அவ்வனுமதியால் மனம் அமைதி பெறாத ஒருவர் தோன்றினார். அவர்தாம் மெதடிஸ்ட் இயக்கத்தை நிறுவிய ஜான் வெஸ்லி. சென்னை இராயப்பேட்டையிலும் கொழும்பிலும் அவர் பெயர் தாங்கிய கல்விக்கூடங்களை நம்மவர் பலர் அறிவர்.

கடனில் வளர்ந்த வீடு

ஜான் வெஸ்லி 1703-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் உள்ள எப்வொர்த் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சாமுவேல் அவ்வூர்ப் பாதிரியார், தாய் சூசன்னா. பத்தொன்பது மகப்பேறுகள், பல குழந்தைகள் சிறுவயதிலேயே இறந்தன. சாமுவேல் குடிப்பழக்கமோ சூதாட்டமோ உள்ளவர் அல்லர், கல்விமான். வருவாயும் அக்கால நிலையில் குறைவன்று. எனினும் அவர் வாழ்நாள் முழுவதும் கடனில் உழன்றார். பதவியை ஏற்கும்போதே கடன். இடிந்து விழுந்த களஞ்சியத்தைக் கட்டச் செலவு. வயது முதிர்ந்த தாயைப் பேணும் பொறுப்பு. ஏறத்தாழ ஆண்டுக்கொரு மகப்பேறு. உலகியல் நடைமுறைகள் தமக்குச் சரியாக விளங்காததும் ஒரு காரணம் என்று அவரே யார்க் நகரப் பேராயருக்கு எழுதினார்.

1705-இல் நடந்த தேர்தலில் அவர் ஒரு தரப்பை ஆதரித்தார். எதிர்த் தரப்பைச் சார்ந்த ஒருவருக்கு அவர் தர வேண்டியிருந்தது முப்பது பவுண்டுக்கும் குறைவு. அதற்காக அவர் கைதாகி லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். அப்போது ஜானுக்கு இரண்டு வயது. வீட்டில் கொடுத்து உதவ வேறொன்றும் இல்லாமையால் சூசன்னா தம் மோதிரங்களைக் கழற்றிச் சிறைக்கு அனுப்பினார். சாமுவேல் அவற்றைப் பெற மனமின்றித் திருப்பி அனுப்பிவிட்டார். கணவனின் கடனுக்காகக் கைவளையலையும் கழுத்துச் சங்கிலியையும் கழற்றித் தரும் பெண்களை நம் குடும்பங்களிலும் காண்கின்றோம். கழற்றிக் கொடுக்கும் கையின் பெருமையை நாம் பேசுகின்றோம். அதைத் திருப்பி அனுப்பும் கையும் வேண்டும் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

பேராயர் ஒருமுறை சூசன்னாவை நோக்கி, உண்மையாகவே உணவின்றி வாடியது உண்டா என்று வினவினார். அப்பெண்மணி அளித்த விடை எந்நாட்டு இல்லத்தரசிக்கும் புரியும். உணவு இல்லாமல் போனதில்லை. ஆனால் உண்பதற்கு முன் அதைத் தேடும் கவலையும், உண்ட பின் அதற்கு விலை கொடுக்கும் கவலையும் சேர்ந்து, அவ்வுணவையே கசப்பாக்கிவிட்டன. இவ்வாறு உண்பது, உணவே இல்லாமைக்கு அடுத்த படியிலுள்ள துன்பம் என்று தாம் கருதுவதாக அவர் கூறினார். கடன் வீட்டில் என்ன செய்கின்றது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. கடன் தட்டிலிருந்து சோற்றை எடுத்துவிடுவதில்லை. சோற்றிலிருந்து சுவையை எடுத்துவிடுகின்றது.

பேராயரும் நண்பர்களும் உதவியதால் சாமுவேல் சில மாதங்களில் விடுதலை பெற்றார். ஆனால் கடன் அவரை விட்டு அகலவில்லை. 1735 ஏப்ரலில் அவர் இறந்தார். அடக்கம் நடந்த அன்றே, நிலத்தின் உரிமையாளரான பெண்மணி, தமக்கு வர வேண்டிய பதினைந்து பவுண்டுக்காக, நாற்பது பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள கால்நடைகளைக் கைப்பற்றிக்கொண்டார். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. வேதம் இடம் கொடுத்ததா என்பதை அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மகன் ஜான், அப்பணத்துக்குத் தாம் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துக் கால்நடைகளை மீட்டார்.

மையித்தை வைத்துக்கொண்டு, "இவர் யாருக்கேனும் கடன்பட்டிருந்தால் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு" என்று வாரிசுகள் அறிவிக்கும் வழக்கத்தை ஜனாஸாக்களில் கண்டு வரும் நமக்கு, அந்த மகன் செய்தது அந்நியமாகத் தோன்றாது.

இருபத்தெட்டுப் பவுண்டு

இத்தகைய வீட்டில் வளர்ந்தவர் இரண்டில் ஒன்றாக ஆவது வழக்கம். ஒன்று, தாமும் கடனாளி ஆவார். அல்லது, பணத்தை இறுகப் பற்றிக்கொள்ளும் கருமி ஆவார். ஜான் வெஸ்லி இரண்டும் ஆகாமல் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டார்.

ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக இருந்தபோது, குளிர்காலத்தில் ஒரு நாள், அவரும் நண்பர்களும் நடத்திய பள்ளியைச் சார்ந்த ஏழைப் பெண் ஒருத்தி அவரைக் காண வந்தாள். மெல்லிய நூலாடை ஒன்றைத் தவிர அவளுக்கு வேறில்லை. கொடுப்பதற்காகச் சட்டைப்பையில் கைவிட்ட வெஸ்லி, அண்மையில் செலவு செய்துவிட்டமையால் கையில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை என்பதை உணர்ந்தார். அறைச் சுவர்களை அழகுபடுத்தப் படங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. இப்பெண்ணைக் குளிரிலிருந்து காத்திருக்கக்கூடிய பணத்தைச் சுவரில் மாட்டியிருக்கின்றோமே என்ற எண்ணம் அவர் நெஞ்சைச் சுட்டது. முதுமையிலும் அதை மறவாமல் ஒரு பேருரையில் எடுத்துரைத்தார்.

மற்றோர் உரையில், ஆக்ஸ்போர்டில் இருந்த ஓர் இளைஞனின் கதையாக ஒரு கணக்கைச் சொல்கின்றார். அந்த இளைஞர் அவரேதாம் என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கின்றனர். முதலாண்டு வருவாய் முப்பது பவுண்டு. இருபத்தெட்டில் வாழ்ந்து இரண்டைக் கொடுத்தார். மறு ஆண்டு வருவாய் அறுபது. அப்போதும் இருபத்தெட்டில் வாழ்ந்து முப்பத்திரண்டைக் கொடுத்தார். மூன்றாம் ஆண்டு தொண்ணூறு, கொடுத்தது அறுபத்திரண்டு. நான்காம் ஆண்டு நூற்றிருபது, கொடுத்தது தொண்ணூற்றிரண்டு. வருவாய் நான்கு மடங்கு ஆயிற்று. தேவை ஒரு ஷில்லிங்கும் ஏறவில்லை.

இக்கணக்கில் வியக்கத்தக்கது கொடை மட்டுமன்று. "போதும்" என்ற எல்லையை வருவாய் ஏறுவதற்கு முன்னரே வகுத்துக்கொண்டாரே, அதுதான் இதன் உயிர்நாடி. நம்மில் பெரும்பாலோர் வருவாய் வந்த பின்னரே தேவையை வகுக்கின்றோம். சம்பளம் உயர்ந்த மாதத்திலேயே, நேற்றுவரை ஆசையாக இருந்தது இன்று அவசியமாகப் பெயர் மாற்றிக்கொள்கின்றது. பிறகு அவசியம் வருவாயை முந்திச் செல்கின்றது. இடைவெளியைக் கடன் நிரப்புகின்றது. மாதத் தவணையும் கடன் அட்டையும் கைக்கெட்டும் இந்நாளில் இவ்வோட்டம் இன்னும் எளிதாகிவிட்டது. வறுமையால் விளையும் கடன் ஒன்று; எல்லை வகுக்காமையால் விளையும் கடன் மற்றொன்று. முன்னதற்கு இரக்கமும் உதவியும் மருந்து. பின்னதற்கு, வருவாயை இன்னும் கூட்டுவது மருந்தாகாது. எரியும் நெருப்பில் ஊற்றும் எண்ணெயே ஆகும்.

மூன்று விதிகளும் நான்கு வினாக்களும்

1760-இல் அச்சான "பணத்தின் பயன்" என்னும் பேருரையில் வெஸ்லி மூன்று விதிகளை வகுத்தார். இயன்ற அளவு ஈட்டுக. இயன்ற அளவு சேமிக்க. இயன்ற அளவு கொடுக்க.

முதல் விதி தடையற்ற பொருளீட்டலுக்கு அளித்த உரிமைச் சீட்டன்று. உடல்நலத்தையோ மனச்சான்றையோ விற்று ஈட்டலாகாது; அயலானைக் கெடுத்து ஈட்டலாகாது; சூது, சட்டம் தடுத்த வட்டி, அடகுப் பிடித்தல், போட்டிக் கடைக்காரனை ஒழிப்பதற்காக விலையைக் குறைத்து விற்றல், மதுவணிகம் ஆகியவற்றை அவர் விலக்கினார். சேமிப்பு என்று அவர் சொன்னதும் பெட்டியில் பூட்டி வைப்பதன்று. நாவின் ஆசைக்கும் கண்ணின் ஆசைக்கும் ஊரார் புகழுக்கும் வீணாக்காமல் காப்பதே ஆகும். மூன்றாம் விதி இல்லாமல் முதலிரண்டும் பொருளற்றவை என்று அவர் கருதினார். ஏனெனில், மனிதன் பொருளின் உடைமையாளன் அல்லன்; அதைக் காக்க நியமிக்கப்பட்ட பொறுப்பாளன் மட்டுமே. நம் வழக்கில் அமானிதம் என்ற ஒரு சொல் இக்கருத்து முழுவதையும் தாங்கி நிற்கின்றது.

செலவில் ஐயம் எழும்போது நான்கு வினாக்களைக் கேட்டுக்கொள்ளுமாறும் அவர் வழிகாட்டினார். இச்செலவில் நான் உடைமையாளனாக நடக்கின்றேனா, பொறுப்பாளனாக நடக்கின்றேனா? இது இறைவனின் வாக்குக்குக் கீழ்ப்படிந்து செய்யும் செலவா? இதை அவனுக்குக் காணிக்கையாகப் படைக்க முடியுமா? மறுமையில் இதற்கு நற்கூலியை எதிர்பார்க்க முடியுமா? கடனெடுத்து மண விருந்து வைக்கும் தந்தை இவ்வினாக்களில் ஒன்றையேனும் கேட்டுக்கொண்டால், விருந்தின் அளவு சுருங்கும். உறக்கத்தின் அளவு கூடும்.

கடனாளிகளுக்கு அவர் செய்தது

கடன் பற்றி வெஸ்லி கண்டிப்பானவர். 1743-இல் தம் சங்கத்தார்க்கு அவர் வகுத்த பொது விதிகளில், திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பில்லாமல் கடன் வாங்குவதும், விலை கொடுக்கும் வாய்ப்பில்லாமல் பொருள்களை வாங்குவதும் விலக்கப்பட்டன. ஆனால் அக்கண்டிப்பு ஏழைகளைப் பழிக்கும் கருவியாக ஒருபோதும் மாறவில்லை. 1753-இல் லண்டனின் நிலவறைகளிலும் கூரையடி அறைகளிலும் நோயாளிகளைச் சென்று கண்டபோது, நடக்கக்கூடிய எவரும் அங்கே வேலையின்றி இருக்கவில்லை என்பதை அவர் குறித்து வைத்தார். சோம்பலால்தான் ஏழைகள் ஏழைகளாக இருக்கின்றனர் என்ற பேச்சு கொடிய பொய் என்று நாட்குறிப்பில் கடிந்து எழுதினார். தந்தையின் சிறைவாசமும் தாயின் கசந்த உணவும் அவருக்கு இதைக் கற்பித்திருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு.

பழிக்காமல் விட்டதோடு அவர் நிற்கவில்லை. 1746-இல் லண்டனில் தம் சங்கத்தின் நிலையமாக விளங்கிய பவுண்டரி என்னும் கட்டடத்தில் ஒரு கடனுதவி நிதியை ஏற்படுத்தினார். வசதி படைத்தோரிடம் நேரில் சென்று கேட்டுச் சில பத்துப் பவுண்டுகளே திரட்டினார். ஒருவருக்கு இருபது ஷில்லிங்குக்கு மேற்படாமல் கொடுப்பது; வாரந்தோறும் சிறிது சிறிதாக மூன்று மாதங்களில் திருப்பிப் பெறுவது. இதுவே ஏற்பாடு. ஒன்றரை ஆண்டுக்குள் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் உதவி பெற்றனர். கொடுத்த பணம் திரும்பி வந்து மீண்டும் வேறொரு வீட்டுக்குச் சென்றமையால்தான் அவ்வளவு சிறிய தொகை அத்தனை பேருக்குப் போதுமானதாயிற்று. கடன் இங்கே கழுத்தைப் பிடிக்கும் கையாக இல்லை. தூக்கிவிடும் கையாக இருந்தது.

பின்னாளில் உச்சவரம்பு ஐந்து பவுண்டாக உயர்த்தப்பட்டது. அந்த ஐந்து பவுண்டைப் பெற்றவர்களில் ஒருவர் ஜேம்ஸ் லாக்கிங்டன். செருப்புத் தைக்கும் தொழிலாளியாக இருந்து பழைய புத்தகக் கடை தொடங்கியவர். அக்கடை வளர்ந்து லண்டனின் மாபெரும் புத்தகக் கடைகளுள் ஒன்றாயிற்று. 1780 முதல் அவர் எவருக்கும் கடனுக்கு விற்பதில்லை, ரொக்கத்துக்கே விற்பனை என்ற விதியைக் கடைப்பிடித்தார். அதனால் விலையைக் குறைக்க முடிந்தது. ரொக்க வணிகத்தால் உயர்ந்த அவருக்கும் முதற்படியாக அமைந்தது, வேறு யாரோ தம் மிச்சத்திலிருந்து கொடுத்த கடன்தான். தன் முயற்சியால் மட்டும் உயர்ந்தேன் என்று சொல்வோர் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

எழக்கூடிய இரு தடைகள்

இங்கே இரண்டு தடைகள் எழுப்பப்படலாம். வெஸ்லிக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. தனி ஆளின் கணக்கைப் பிள்ளைகுட்டிக்காரன் மேல் சுமத்தலாமா என்பது ஒன்று. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால், நோயோ வேலையிழப்போ நேரும்போது மீண்டும் கடனில் அல்லவா விழ நேரும் என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான தடைகளே. கையிருப்பு இல்லாத வீட்டில் ஒரு களஞ்சியம் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு எப்வொர்த் வீடே சான்று.

வெஸ்லி இவற்றை அறியாதவர் அல்லர். 1748-இல் வெளிவந்த ஓர் உரையில், எவற்றுக்காகப் பொருள் வைத்துக்கொள்வது தவறன்று என்பதை அவர் வரிசைப்படுத்துகின்றார். கடன்களை அடைப்பதற்கு வைத்துக்கொள்ளலாம். தம் இன்றியமையாத் தேவைக்கு வைத்துக்கொள்ளலாம். குடும்பத்தாரின் தேவைக்கும், தாம் இறந்த பின் அவர்கள் உழைத்துப் பிழைக்கும் நிலையை அடைவதற்கும் வைத்துக்கொள்ளலாம். செய்தொழிலை நடத்தத் தேவையான முதலை வைத்துக்கொள்ளலாம். கடனடைப்பு முதலில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். கொடுக்க வேண்டியவனுக்குக் கொடுக்காமல் தர்மம் செய்பவன் பிறர் பணத்தில் புகழ் வாங்குகின்றான்.

இந்நான்குக்கும் அப்பால் குவிவது எதுவோ, அதைத்தான் அவர் கேள்விக்குள்ளாக்கினார். அதில் தமக்கும் விலக்களிக்கவில்லை. கடன்களும் நூல்களும் நீங்கலாகப் பத்துப் பவுண்டை விட்டுவிட்டு நான் இறந்தால், திருடனாகவும் கொள்ளைக்காரனாகவும் வாழ்ந்து மடிந்தேன் என்று உலகம் சாட்சி சொல்லட்டும் என்னும் பொருள்பட 1743-இலேயே எழுதி வைத்தார். நூல் விற்பனையால் பின்னாளில் பெருந்தொகை வந்தபோதும் அச்சொல்லை அவர் மறக்கவில்லை. 1776-இல் வரி அதிகாரிகள், வெள்ளிப் பாத்திரங்களுக்குக் கணக்குக் காட்டவில்லையே என்று கேட்டபோது, லண்டனில் இரண்டும் பிரிஸ்டலில் இரண்டுமாக வெள்ளித் தேக்கரண்டிகளே தம்மிடம் உள்ளன என்றும், சுற்றிலும் பலர் உணவுக்கு ஏங்கும்வரை மேலும் வாங்கப்போவதில்லை என்றும் விடை எழுதினார்.

சிக்கனத்தின் தோல்வி

இவ்வரலாற்றில் ஒரு துயரமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை வெறும் புகழுரையாகிவிடும். வெஸ்லியின் சொல்லைக் கேட்டு உழைத்தவர்கள், குடியை விட்டவர்கள், வீண்செலவை நிறுத்தியவர்கள் காலப்போக்கில் செல்வர்களாயினர். உழைப்பும் சிக்கனமும் சேர்ந்தால் செல்வம் வளராமல் என்ன செய்யும்? செல்வம் வளர்ந்தபோது பக்தி குறைந்ததை அவர் தம் கண்ணாலேயே கண்டார். எண்பது வயதைக் கடந்த நிலையில், முதல் விதியைப் பலர் கடைப்பிடிக்கின்றனர், இரண்டாவதைச் சிலர் கடைப்பிடிக்கின்றனர், மூன்றாவதைக் கடைப்பிடிப்போர் ஐம்பதாயிரம் பேரில் ஐந்நூறு பேராவது இருப்பார்களா என்று மனம் நொந்து வினவினார்.

சிக்கனம் தன்னளவில் அறம் அன்று என்பதற்கு இதைவிட வலிய சான்று வேண்டியதில்லை. கருமியும் சிக்கனமானவனே. திருடனும் திருடிய பொருளைச் சிக்கனமாகச் செலவிடலாம். சிக்கனம் ஒரு கதவு. அது எந்தப் பக்கம் திறக்கின்றது என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமைகின்றது. உள்பக்கம் மட்டும் திறக்கும் கதவுக்குள் பணம் சேரும், மனிதன் சுருங்குவான். வெளிப்பக்கமும் திறக்கும் கதவு வழியாகத்தான் ஒருவனுடைய மிச்சம் மற்றொருவனுடைய முதலாகின்றது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தவன் ஒரு கடனிலிருந்து விடுபட்டான். அது பெரிய காரியம். ஆனால், தேவைக்கு மேல் எஞ்சியிருப்பது அவனிடம் ஒப்படைக்கப்பட்ட பிறர் பொருள் என்றால், அவன் இன்னொரு கடனில் நிற்கின்றான். இக்கடனுக்குச் சீட்டு இல்லை, வட்டி இல்லை, வாசலில் வந்து நின்று கேட்பவனும் பெரும்பாலும் இல்லை. குளிரில் நடுங்கும் பெண் சில சமயம் வந்து நிற்பாள். அப்போது நம் கை சட்டைப்பைக்குள் எதைக் காண்கின்றது என்பதே கேள்வி. செல்வரின் பொருளில் ஏழைக்கு உரிமை உண்டு என்று கற்றுவரும் நமக்கு, ஸகாத் என்பது தயவாகக் கொடுப்பதன்று, செலுத்தியே தீர வேண்டியது என்று அறிந்துள்ள நமக்கு, இவ்விடை புதியதாக இராது. எனினும் அறிந்ததை வீட்டுக் கணக்கில் எழுதுவதுதான் அரிது.

ஆகவே, மாதக் கணக்கு எழுதும் குடும்பங்கள் வரவு, செலவு என்னும் இரண்டோடு நிறுத்திக்கொள்ளாமல் இன்னும் இரண்டு வரிகளைச் சேர்த்துக்கொள்வது நலம். கணவனும் மனைவியும் கூடிப் பேசி, இக்குடும்பத்துக்கு இவ்வளவு போதும் என்று வகுத்த தொகை ஒரு வரி. அதற்கு மேல் எஞ்சியது யாருக்குச் சேர வேண்டியது என்பது மற்றொரு வரி. கடன் தீராத குடும்பத்துக்கு அந்த இரண்டாம் வரியில் கடன் கொடுத்தவரின் பெயர் வரும். கடன் தீர்ந்த குடும்பத்துக்கு, மருத்துவச் செலவுக்கு வழியின்றி நகையை அடகு வைத்த பக்கத்து வீட்டாரின் பெயரோ, சிறு முதல் கிடைத்தால் கடை வைத்துப் பிழைக்கக்கூடிய உறவினரின் பெயரோ வரலாம். எந்தக் குடும்பத்திலும் அவ்வரி வெறுமையாக இருக்கத் தேவையில்லை.

வெஸ்லி 1791 மார்ச்சில் இறந்தார். தம் உடலை அடக்கத்துக்குச் சுமந்து செல்ல ஏழைகள் ஆறு பேரை அமர்த்தி, அவர்களுக்கு ஆறு பவுண்டைப் பகிர்ந்தளிக்குமாறு உயிலில் எழுதியிருந்தார். ஒருவருக்கு ஒரு பவுண்டு, அதாவது இருபது ஷில்லிங். அவருடைய நிதியில் முதன்முதலாக ஏழைகளுக்குக் கடனாகக் கொடுத்த அதே தொகை. இம்முறை அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை.